புள்ளிக்குப் போட்ட நாற்காலி

மார்பகப் பரிசோதனை முடிந்ததும், படத்தில் தெரிந்த என் புள்ளியை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மிளகு அளவுதான் இருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தது. உள்ளே இருப்பதும் இதேதான், வெளியே உட்கார்ந்திருப்பது ஒரு மரியாதைக்கு என்று நர்ஸ் சொன்னாள்.

இவ்வளவு அடக்கமாக உட்காரும் யாரையும் நான் நம்புவதில்லை.

டாக்டர் மெர்சி வந்து முதலில் அதற்கு வணக்கம் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை.

"இது என்ன பண்ணும்?" என்றேன்.

"கொல்லலாம். ஒண்ணும் பண்ணாம உங்க கூடவே கிழமாகவும் செய்யலாம்."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"கொன்னா தெரிஞ்சிடும்."

என் அக்கா சுலோசனா பரிசோதனைக்கே போகாதவள். கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அவளை எரித்த பிறகுதான் நான் இங்கே வந்தேன். வந்தவளுக்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். கையில் புள்ளியைக் கொடுக்கிறார்கள்.

வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால் மெஷின் கண்ணில் படாமலும் போகும் என்றார் டாக்டர். மெஷின் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது.

இந்த அளவில் பிடித்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் என்றும் சொன்னார். வெட்டலாம், அல்லது கொஞ்ச நாள் கண்காணிக்கலாம். நான் கண்காணிக்கிறேன் என்று புள்ளியை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அதில் நான் கெட்டிக்காரி. பால் பாக்கெட்டைக்கூட நாலு தடவை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

என் கணவர் தணிகாசலம் காரியத்தைக் கெடுத்தார். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா உட்காரவைக்க அவரால் முடியாது. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். இட்லி வைத்தார். புள்ளி தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்றது. கையை விலக்கிவிட்டு இன்னொன்று வைத்தார்.

மறுவாரம் அது சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. தன் புத்தியைக் காட்டிவிட்டதா, இட்லி செய்த வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆத்திரத்தில் சட்னியைத் தொட்டியில் கொட்டினேன். பிறகு அழுதேன். சாக எனக்குப் பயமாக இருந்தது.

புள்ளியிடமே கேட்டேன். "உண்மையைச் சொல்லு. என்னைக் கொன்னுடுவியா?"

அது வெகுநேரம் யோசித்தது.

"எனக்கே தெரியலீங்க" என்றது.

பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது. மறுநாளே வெட்டச் சொல்லிவிட்டேன்.

வெட்டினார்கள். வலித்தது. வீட்டுக்குக் கிளம்பியபோது மருத்துவமனை நடைவழி நீண்டுகொண்டே போய் இரண்டு வாசல்களில் முடிந்தது. காவலாளி ஒருவர் நின்றிருந்தார்.

"காப்பாத்தப்பட்டவங்க வலது பக்கம். சும்மா வெட்டுப்பட்டவங்க இடது பக்கம்."

"நான் எந்தப் பக்கம்?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. ஆனா நடுவுல நிக்கக் கூடாது."

டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். வெட்டிய பிறகு அவருக்கும் தெரியாது என்றார் காவலாளி.

வலது பக்கம் போனேன். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கட்டு. எல்லாரும் இடது பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். நானும் பார்க்க ஆரம்பித்தேன்.