சாய்ந்துகொள்ள ஒரு பலகை

கணவருக்கு நுரையீரலில் நீர் கோத்ததிலிருந்து அவளுக்குப் படுக்கை என்பது பேருக்குத்தான். மல்லாந்து படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி வைத்தால் அவை ஆளுக்கொரு பக்கம் நழுவி ஓடும். கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை கிடையாது. சுவரோ ஈரம் கசிந்து ஜில்லென்றிருக்கும். ஆகவே அவள்தான் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்துகொள்வாள், அவர் அவள்மேல் சாய்ந்து தூங்குவார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அவள் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். போன வாரம் மெஷினிலேயே கண் அசந்து, ஒரு கட்டுக் காலரை உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை தூங்கினா வீட்டுலயே தூங்கிக்கோங்கக்கா" என்றாள் சூப்பர்வைசர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நம்பியவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை.

வேறு வழியில்லாமல் அவளே பலகை செய்யக் கிளம்பினாள். தெருமுனையில் யாரோ தூக்கிப் போட்டிருந்த சோபாவின் வயிற்றைக் கிழித்து ஸ்பஞ்சை எடுத்து வந்தாள். அலசி மொட்டைமாடியில் காயப்போட்டாள். கீழ்வீட்டுத் தச்சர் வேண்டாமென்று ஒதுக்கிய அலமாரிக் கதவு பலகையாயிற்று. மேலே போர்த்த ஒரு பழைய திரைச்சீலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தச்சரிடமே பின் அடிக்கும் துப்பாக்கியையும் இரவல் கேட்டாள்.

"என்னம்மா, யாரோட சண்டை?"

"தூக்கத்தோடதாண்ணே."

கதவின்மேல் ஸ்பஞ்சைப் பரப்பி, துணியைப் போர்த்தி, ஓரங்களை இழுத்து இழுத்துப் பின்பக்கம் பின் அடித்தாள். காலர் தைத்துப் பழகிய கைக்குத் துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் ஆகாது. முழங்காலை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"கொஞ்சம் தளர விடேன்" என்றார் கட்டிலில் இருந்த கணவர். நோய்க்கு முன் பஸ் ஓட்டியவர்.

"உங்க பஸ் சீட்டு மாதிரி தொளதொளன்னு தொங்கணுமா?"



தச்சர் வந்து கட்டிலோடு சேர்த்து ஸ்குரூ முடுக்கிக் கொடுத்தார். கடையில் வாங்கியதுபோல் வழவழவென்று இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கணவர் சாய்ந்து பார்த்தார். "ஆஹா! மகாராஜாவா உக்காந்திருக்கேன். நீ படு."

பக்கத்தில் காலை நீட்டிப் படுத்ததுதான் தெரியும். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவர் பலகையில் சாய்ந்திருக்கவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கீங்க?"

அவள் பலகையைக் கையால் அழுத்தினாள். இழுத்த இழுப்பில் ஸ்பஞ்சு நசுங்கிக் கட்டையாகியிருந்தது.

"கல்லு மாதிரி இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னா நீ எந்திரிச்சிருப்பே."

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அவர்மேல், துணிமேல், அதை இழுத்த தன் கைமேல். அவர் அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோது தான் சுகமாகத் தூங்கியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, ஸ்குரூடிரைவரால் பின்பக்கப் பின்களை நெம்பினாள். ஒன்று வந்தது. இரண்டாவது வளைந்ததே தவிர வரவில்லை. கையில் தெம்பு இல்லை. ஸ்குரூடிரைவரைத் தரையில் எறிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு கட்டிலில் ஏறி, பலகையில் முதுகை வைத்து உட்கார்ந்தாள். கல்தான். ஆனால் சுவரின் ஈரம் இல்லை, ஜில்லிப்பு இல்லை. கழுத்தைச் சாய்த்தால் தாங்கிக்கொண்டது.

"சாயுங்க" என்றாள்.

"மறுபடியும் உக்காந்தே தூங்குவியா? நாளைக்கு வேலைக்குப் போகணும்."

"இந்தக் கல்லு எனக்குப் போதும். சாயுங்கன்னா."

அவர் தயங்கித் தயங்கி அவள்மேல் சாய்ந்தார். அவருடைய மூச்சு சீராவதற்குள் அவள் தூங்கிவிட்டிருந்தாள்.