இரண்டாவது கார்டு

காசிமாயன் வாங்கியிருந்த முதல் கார்டில் நூறு கட்டங்கள். ஐந்நூறு ரூபாய்க் கார்டு என்று பேர்தான். நாள்வட்டிக்கு விடும் முத்திருளன் ஐம்பதைப் பிடித்துக்கொண்டு நானூற்றைம்பதைத்தான் கையில் கொடுத்தார். தினம் ஐந்து ரூபாய் கட்டினால் ஒரு கட்டத்தில் பூச்சி ஊர்ந்த மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவார். நூறு பூச்சி சேர்ந்தால் கடன் தீர்ந்தது. காசிமாயனின் கார்டில் நாற்பத்தொரு பூச்சி இருந்தது. அதற்கப்புறம் ஒன்பது கட்டம் காலியாகக் கிடந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அது. தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் காசிமாயன் பியூன். சம்பளம் நானூற்று எண்பது. மனைவி ஒச்சாயி, ஏழு வயதில் ஒரு மகன், கிராமத்திலிருந்து கூட்டி வந்த அப்பா பேயாண்டி என்று நாலு பேர் பீபீகுளத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். வைகாசிக் கடைசியில் பேயாண்டிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. அந்தச் செலவுக்குத்தான் முதல் கார்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாத்திரையை விடாமல் போட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டால் இன்னும் பத்து வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் உசிலம்பட்டிக்கு மேற்கேயிருந்து தங்கச்சி செல்லத்தாயின் புருஷன் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றான். மூத்த மகள் தங்கப்பொண்ணுக்கு ஆவணி பதினெட்டில் சடங்கு வைத்திருக்கிறார்களாம். தாய்மாமன் காசிமாயன். அவன் சீர் இல்லாமல் பிள்ளையை மனையில் உட்கார வைக்க முடியாது.

அரைப் பவுன் தோடு, பட்டுப் பாவாடை, ஒரு கிடா, இருபத்தொரு தட்டு. எப்படிச் சுருக்கினாலும் ஆயிரத்து முந்நூறுக்குக் குறையவில்லை. தாய்மாமன் என்ன செய்தான் என்பதை அங்கே மைக்கில் சொல்வார்கள். இரண்டு ஊருக்குக் கேட்கும். குறைவாகச் சொன்னால் செல்லத்தாய் ஆயுசுக்கும் மாமியார் வாயில் கிடந்து அரைபடுவாள். காசிமாயனுக்கு இருந்தது ஒரே தங்கச்சி. அவளைத் தலைகுனிய வைத்துவிட்டு அவனால் சோறு தின்ன முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடைதான் முத்திருளனின் கச்சேரி. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பேச்சில் ஒரு சுடுசொல் கிடையாது. கடன் கொடுக்கிறவன் கத்துவான், மிரட்டுவான் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருப்பவர்கள் முத்திருளனைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். அவர் யாரையும் அதட்டியதாகக் காசிமாயன் கேள்விப்பட்டதே இல்லை. அவரிடம் இரண்டாவது கார்டு வாங்கியவர்கள் மட்டும் ஏனோ அந்த வட்டாரத்தில் ரொம்ப நாள் குடியிருப்பதில்லை.

“ஆயிரத்து ஐந்நூறு கார்டு ஒண்ணு வேணும்ணே” என்றான் காசிமாயன்.

முத்திருளன் டீயை ஆற்றிக் குடித்தார். “தம்பி, பழசுக்கு அஞ்சு, புதுசுக்குப் பதினஞ்சு. ஒரு நாளைக்கு இருபது. மாசம் அறுநூறு ஆச்சு. ஒன் சம்பளம் அம்புட்டு வராதே.”

“எப்படியாச்சும் கட்டிருவேண்ணே.”

“நீ கட்டுவ. எனக்குத் தெரியும். இருந்தாலும் கைக்கு ஒரு பிடிமானம் வேணுமில்ல. நகை நட்டு இருக்கா?”

“இல்லண்ணே.”

“சரி. ஒங்க வீட்டு மொய் நோட்டை எடுத்துட்டு வா.”

காசிமாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று போன இடத்திலெல்லாம் தன் வீடு யாருக்கு எவ்வளவு மொய் வைத்தது என்று எழுதி வைத்திருக்கும் பழைய நோட்டு அது. மூலையெல்லாம் எலி கடித்தது. பழைய பேப்பர்காரனிடம் போட்டால் பத்துப் பைசா தேறாது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயிரத்து ஐந்நூறு தருகிறான் என்றால் நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான். படித்தவன், பத்தாவது வரை படித்தவன், அப்படித்தான் நினைத்தான்.

டிரங்குப் பெட்டியிலிருந்து அவன் நோட்டை எடுத்தபோது ஒச்சாயி தடுத்தாள். “அது எதுக்குங்க அவருக்கு?”

“சும்மா ஒரு ஈடுக்குத்தான்.”

“நம்மளுக்கு வரவேண்டிய மொய் பூரா அதுலதான் இருக்கு. அடுத்தவங்க கையில குடுக்கிற பண்டமா அது?”

“திங்கவா போறாரு? கார்டு முடிஞ்சதும் வாங்கிக்கிறலாம்.”

மறுநாள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் முத்திருளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பேயாண்டி குடும்பம் என்று எழுதி, மேலே பிள்ளையார் சுழி. அவர் ஒவ்வொரு பக்கமாக, விரலை எச்சில் தொட்டுத் திருப்பி, ஊர் பேர், ஆள் பேர், தொகை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு முறை டீ வந்தது. காசிமாயனுக்கு ஏனோ உட்கார முடியவில்லை. தன் வீட்டு அடுக்களைக்குள் வேற்று ஆள் நுழைந்து பானை பானையாகத் திறந்து பார்ப்பது போல இருந்தது.

“அஞ்சாயிரத்து நூத்தி அறுபது நிக்குது” என்றார் முத்திருளன். “திருப்பி வைக்கிறவன் எவனும் ஒண்ணுக்கு ஒண்ணா வைக்க மாட்டான். மேல போட்டுத்தான் வைப்பான். ஏழாயிரம் வரும். பேயாண்டி சித்தப்பு ஒரு விசேஷம் விடாமப் போயிருக்காக. நல்ல மனுஷன். சரி, ஒங்க வீட்டுல அடுத்து என்ன விசேஷம்?”

“விசேஷமா?”

“விசேஷம் வச்சாத்தான தம்பி மொய் திரும்பும். பையனுக்குக் காது குத்தியாச்சா?”

“அழகர்கோவில்ல வேண்டுதல்ணே. ரெண்டு வருசத்துக்கு முந்தி. யாருக்கும் சொல்லல, மொய்யும் வாங்கல.”

“குத்தின காதை மறுபடி குத்த முடியாது. பொம்பளப்பிள்ளை கிடையாது. அவன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருசம் கிடக்கு. சொந்த வீடு கட்டுறியா?”

காசிமாயன் இல்லையென்று தலையை ஆட்டினான். முத்திருளன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். பிறகு அன்பாகக் கேட்டார்:

“சித்தப்புக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?”

“தேவலைண்ணே” என்று சொன்ன பிறகுதான் கேள்வி அவனுக்குள் இறங்கியது. அவர்கள் பக்கத்தில் சாவுக்கும் செய்முறை உண்டு. பதினாறாம் நாள் கருமாதியில் மாமன் மச்சான் எல்லாம் கூடி, இறந்தவரின் மகன் தலையில் உருமாத் துண்டு கட்டி, தட்டில் பணம் வைப்பார்கள். மொய் வாங்கின வீட்டுக்காரன் ஒருவனும் வராமல் இருக்க மாட்டான். கல்யாணத்துக்கு வராதவன்கூடக் கருமாதிக்கு வந்துவிடுவான்.

முத்திருளன் ஒரு புது மஞ்சள் அட்டையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். “எழுதிருவமா?”

“ரெண்டு நாள் குடுங்கண்ணே. சொல்றேன்.”

“ஒன் இஷ்டம். நோட்டு இங்கனயே கிடக்கட்டும்.”

அன்று காசிமாயன் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். காம்பவுண்டு வாசலில் கட்டிலைப் போட்டு பேயாண்டி காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ஆடிக் காற்று அவர் மேல்துண்டைத் தூக்கி அடித்தது. விலா எலும்பை எண்ணலாம். மகனைப் பார்த்ததும், “இன்னைக்கு ஒம் பொண்டாட்டி ரசஞ்சோறு நல்லா வச்சிருந்தாப்பா” என்று சிரித்தார். காசிமாயனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏழாயிரம் என்று காதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெற்ற அப்பனைப் பார்த்தால் தொகை ஞாபகம் வருகிறதே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

ஒச்சாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

“வேணாங்க. ஒங்க தங்கச்சிகிட்ட நான் கால்ல விழுந்து சொல்லிக்கிறேன். இருக்கிறதை வச்சுச் செய்வோம். அந்தக் கார்டு மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

“மெதுவாப் பேசு. ஐயா காதுல விழுகப்போகுது.”

அறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு சாக்குப் படுதாதான் தொங்கியது.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது வீட்டில் ஆரஞ்சுப் பழ வாசம் அடித்தது. முத்திருளன் மத்தியானம் வந்தாராம். ஒரு டஜன் பழம், ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பேயாண்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பழைய கதை பேசினாராம். என்ன சாப்பிடுறீக, எம்புட்டுத் தூரம் நடக்குறீக, தூக்கம் வருதா, தையல் போட்ட இடம் வலிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம்.

“கிடாயைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி பாத்தாரு” என்றாள் ஒச்சாயி.

பேயாண்டிக்கு ஒரே சந்தோஷம். “எம்புட்டு வேலைக்கு நடுவுல வந்து பாத்துட்டுப் போறான். பெத்த பிள்ளை மாதிரி” என்றார்.

காசிமாயன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். கார்டு வேண்டாம். கைக்கடிகாரத்தையும் சைக்கிளையும் விற்றால் முந்நூறு தேறும். அதில் பாவாடையும் பத்துத் தட்டும். மைக்கில் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். முடிவு செய்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிக்கொண்டது. அன்று அப்பாவுக்குத் தன் கையால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான்.

கெடு வைத்த நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீக்கடைக்குப் போனான். முத்திருளன் வரவில்லை. சாயங்காலம் போனபோதுதான் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, எனக்குக் கார்டு வேணாம். பழைய பாக்கியை மட்டும் எப்படியும் அடைச்சிடுறேன்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். முத்திருளன் தலையை ஆட்டினார். “நல்லது தம்பி. ஒன் பேருல கார்டு எழுதல.”

“நோட்டைக் குடுத்தீகன்னா வாங்கிட்டுப் போயிருவேன்.”

“நோட்டு யாரு பேருல இருக்கு?”

காசிமாயனுக்குப் பதில் தெரியும். முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

“சித்தப்பு பேருல இருக்கு” என்றார் முத்திருளன் மெதுவாக. “அவுக கேட்டாத்தான் குடுக்க முடியும். வீட்டுக்குப் போ. அவுகளே சொல்லுவாக.”

ஆபீசிலிருந்து பீபீகுளத்துக்கு சைக்கிளில் கால் மணி நேரம். அன்று எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. குறுக்கே வந்த பஸ்காரன் திட்டியதுகூடக் காதில் ஏறவில்லை.

பேயாண்டி உள்ளே பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒச்சாயி குழாயடிக்குப் போயிருந்தாள். அவருடைய இடது கைப் பெருவிரல் நீலமாக இருந்தது. மகன் அதைப் பார்ப்பதைப் பார்த்து, அவர் விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டார்.

“கழுவுனேன். போகமாட்டேங்குது” என்றார். தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு பணக்கட்டை எடுத்து நீட்டினார். “ஆயிரத்து முந்நூத்தி அம்பது இருக்காம். எண்ணிக்க.”

“என்னய்யா காரியம் செஞ்சீக?”

“எம் பேருல கார்டு வாங்கிட்டேன். மத்தியானம் ஒம் பொண்டாட்டி ரேசன் கடைக்குப் போயிருந்தா. அவன் வந்து ஒண்ணும் கேக்கல, நாந்தான் ஆள் விட்டு வரச்சொன்னேன். அன்னைக்கு நீங்க பேசுனதைக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். எனக்கு வயித்துலதான கோளாறு, காதுல இல்லையே.”

“இதைத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்.”

“குடுத்துட்டு? எம் மக மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? எம் பேத்தி மொட்டைக் காதோட மனையில உக்காரவா? தாய்மாமன் சீருன்னு ஒன் பேரத்தான் சொல்லுவாக. நான் நடுவுல வரவேமாட்டேன். நாள் காசை மட்டும் கொஞ்ச நாளைக்கு இழுத்துப் பிடிச்சுக் கட்டு. மிச்சத்தை நோட்டு கட்டிரும்.”

காசிமாயன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பேயாண்டி ஒரு விசேஷத்துக்கு நாள் பார்க்கிற குரலில், மகனுக்கு யோசனை சொல்லுகிற மாதிரி, நிதானமாகப் பேசினார்.

“புரட்டாசிக்குள்ள முடிஞ்சா நல்லது. ஐப்பசி பெறந்துட்டா மழை. தீவாளிச் செலவு வேற. ஒருத்தன் கையிலயும் காசு இருக்காது, மொய் கொறைஞ்சு போகும். ஊருல கொண்டு போயி வையி. டவுனுல வச்சா நம்ம ஆளுக பாதிப்பேரு வரமாட்டாக.”

“ஐயா, சும்மா இருங்க.”

“கருப்பட்டியானுக்கு நூத்தி ஒண்ணு வச்சிருக்கேன். அவன் மறந்துட்டேன்னு சொல்லுவான். விடாத.”

காசிமாயன் அழுதான். அழுகை அழுகையாகத்தான் இருந்தது, அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் பணக்கட்டு அவன் கையில் இருந்தது. அதைத் தலையணைக்கடியிலும் திருப்பி வைக்கவில்லை, எழுந்து டீக்கடைக்கும் போகவில்லை. அரைப் பவுன் தோடு. கிடா. மைக்கில் தன் பேர். செல்லத்தாய் கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நிற்பாள். அழுதுகொண்டே எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பணத்தைச் சேலைக்கடியில் வைத்து, பூட்டினான். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

ஒச்சாயி தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு, மாமனாருக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொண்டு வந்து வைத்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பேயாண்டி தட்டைக் கையால் மெல்லத் தள்ளினார்.

“வேணாந்தா. பசிக்கல.”

“மாத்திரை போடணும் மாமா. ரெண்டு வாய் குடிங்க.”

“நாளைக்குப் பாத்துக்கிறலாம்.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒச்சாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்களேன் என்பது போல. காசிமாயன் வாயைத் திறந்தான். எழுந்து குடிங்கய்யா என்று ஒரு சொல் போதும். அவன் சொன்னால் பேயாண்டி கேட்பார், எப்போதும் கேட்டிருக்கிறார்.

“பசிக்கலைன்னா விடு” என்றான்.