பழைய எண், புதிய எண்

…ஆகவே கரையான்சாவடி அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, நேற்று சாயங்காலம் சர்வரை மாற்றியவன் நான்தான், இன்று காலை என் மனைவி வசந்தகுமாரியின் இணையச் சமையல் பக்கம் திறக்கவில்லை, பழைய முகவரியைத் தட்டினால் புதியதற்குப் போ என்கிறது, புதியது பழையதற்கே போ என்கிறது, சுற்றிச் சுற்றி பிரவுசரே களைத்துக் கையை விரிக்கிறது. அவள் போய்ச் சேர்ந்தபின் அவள் குரல் இருப்பது அங்கே மட்டும்தான். கோவில்பதாகையிலிருந்து அவள் தங்கை ஹேமாவதி போன் செய்துவிட்டாள். “இன்னா மாமா, அக்கா பக்கம் தொறக்கவே மாட்டேங்குது, அடுப்ப அணைச்சிட்டு குந்திகினு கீறேன், வெந்தயம் எப்பப் போடறதுன்னு அக்கா சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும்.” தினமும் காலையில் அந்தப் பழைய லிங்க்தான் அவளுக்கு, பாவம், புதியதைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாளா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டரோடு கிழடானவன் நான், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஒரு வரி ரூல், எனக்கா இது புரியாது… ஆனால் இந்தச் சுற்றலை எங்கேயோ பார்த்திருக்கிறேன், எங்கே, ஆமாம், எங்கள் தெருவுக்குப் புதிய கதவு எண் போட்டபோது. எங்கள் பழைய ஏழு எதிர்வீட்டுத் துலுக்கானத்துக்குப் புதிய ஏழு, அவருடைய பழைய இருபது எங்களுக்குப் புதிய இருபது, ஒரே தபாலோடு தபால்காரர் இரண்டு வாசலுக்கும் நடந்து நடந்து தெருவில் பள்ளம் விழுந்தது, மழையில் அது ஏரியானது, அதில் கெண்டை பிடித்தவன் நான், குழம்பு வைத்தவள் வசந்தகுமாரி. பெயிண்டர் பழைய எண்ணை அழிக்கப் போனபோது தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். “அத்த அழிக்காதய்யா, பழைய நம்பர வச்சி தேடிகினு வர்றவங்க எங்க போவாங்க?” எந்த வாசலிலும் அழிக்கவில்லை, இன்றும் இரண்டு எண்களும் இருக்கின்றன… அட, அதேதானே நானும் செய்திருக்கிறேன்? முன்பு ஒருமுறை பக்கத்தை இடம் மாற்றியபோது எழுதிய ரூலை அழிக்க மனசு வராமல் விட்டுவைத்து, அதன் மேலேயே நேர் எதிரான இன்னொன்றை எழுதியிருக்கிறேன்.

இப்போதும் அழிக்கவில்லை. பழைய வரிக்கு முன்னால் ஒரு # மட்டும் போட்டேன், இருக்கும், வேலை செய்யாது, என்னைப் போல. அப்படியும் சுற்றியது, பிரவுசர் பழைய வழியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது, அதன் நினைவைத் துடைத்தேன், பழைய லிங்கைத் தட்டினேன், திறந்தது. “வெந்தயம் செவந்ததும் புளிய ஊத்து… யோவ், அங்க இன்னா பண்ணிகினு கீற, உப்பு டப்பாவ எடு.” எழுந்து அலமாரி வரை போய்விட்டேன், டப்பாவோடு நிற்கிறேன், யாரிடம் கொடுப்பது? ஹேமாவதியிடம் சொல்ல வேண்டும், திறந்துவிட்டது என்று. சொல்லலாம்தான். அவளிடம் இருப்பது பட்டன் போன், அதில் எந்தப் பக்கமும் திறக்காது, தினமும் காலையில் அந்தப் பழைய லிங்கைத் தட்டுபவன் நான்தான்.