முப்பத்தாறு பாயின்ட் நாலு

கோலார் தங்கவயலில், பாலகாட் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், நாலு கால்களின் மேல் ஒரு வெள்ளைப் பலகைப் பெட்டி நிற்கிறது. காற்று போய்வர நாலு பக்கமும் சாய்ந்த சட்டங்கள். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்கள் படுத்திருக்கும். ஒன்று இரவின் குறைந்த சூட்டைக் காட்டும். இன்னொன்று முந்தின நாளின் அதிகச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டரைப் போலத்தான், உதறினால்தான் பாதரசம் இறங்கும். பக்கத்தில் மழை அளக்கிற குவளை.

பள்ளிக்கூட ஆயா யசோதா பதினோரு வருஷமாகத் தினமும் காலை எட்டரைக்கு இந்தப் பெட்டியைத் திறக்கிறாள். ஞாயிறும் உண்டு, பண்டிகையும் உண்டு. பார்த்ததை நோட்டில் எழுதிக் கோலார் டவுனில் இருக்கிற வானிலை ஆபீசுக்குப் போன் செய்வாள். அங்கே எடுப்பவர் முனிரத்தினம் சார்.

"சொல்லுங்கம்மா."

"கம்மி பத்தொம்போது பாயின்ட் ரெண்டு."

"பத்தொம்போது பாயின்ட் ரெண்டு."

"ஆமா சார். ஜாஸ்தி இருபத்தெட்டு பாயின்ட் ஆறு."

"இருபத்தெட்டு பாயின்ட் ஆறு."

"ஆமா சார். மழை இல்ல."

"மழை இல்ல. ஆய்த்தும்மா."

ஒவ்வொரு எண்ணையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று முதல் வாரமே கேட்டுக்கொண்டவள் யசோதாதான். அவள் அப்பா தங்கச் சுரங்க வாசலில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு பெல் அடிக்கிறவராக இருந்தார். கீழேயிருந்து மூணு பெல் வந்தால் மேலேயிருந்து மூணு பெல் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போகாமல் கேஜ் நகராது. எண் என்று ஒன்றைச் சொன்னால் அது திரும்பி வர வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன விஷயம். முனிரத்தினம் சார் சிரிக்கவில்லை. "சரிம்மா, அப்படியே பண்ணலாம்" என்றார். அன்றிலிருந்து அப்படியே.

பதினோரு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்ததில்லை. டிசம்பரில் அவருக்கு இருமல் வரும் என்று தெரியும். எட்டு நாற்பதுக்கு டீ வரும் என்று தெரியும். ஒருமுறை கோலாருக்குப் போனபோது பஸ் அந்த ஆபீசைத் தாண்டியது. வாசலில் நாலைந்து ஆண்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். இவர்களில் எவராகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் தேவா இறந்தபோது, அடக்கம் முடிந்த மறுநாளும் எட்டரைக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். வீட்டில் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்று சார் எல்லா எண்ணையும் திருப்பிச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. அவளும் அதை மறக்கவில்லை.

மகள் வெண்ணிலா பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாள். "கேக்குதும்மா, சொல்லு" என்பாள். கேட்கிறாள்தான்.

செப்டம்பர் முதல் தேதி முனிரத்தினம் சார், "இந்த மாசத்தோட நான் ரிட்டயர்மா" என்றார். "இனிமே சின்னப் பிள்ளைங்க பாத்துக்குவாங்க."

"அப்படீங்களா சார்" என்றாள் யசோதா. பெட்டியைப் பூட்டிவிட்டு, பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

அந்த மாதம்தான் வெயில் வந்தது. செப்டம்பரில் கேஜிஎஃப்பில் தூறல் விழும், சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுவார்கள். இந்த வருஷம் பத்தாம் தேதியிலிருந்தே வானம் வெளுத்து நின்றது. சுரங்கத்திலிருந்து கொட்டின சயனைடு மண் மேடுகளைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் தகரக் கூரை மத்தியானம் படபடவென்று சத்தம் போட்டது. நாய்கள் காய்ந்த சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டன. எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரை எடுத்துக் கூரையில் ஊற்றினார்கள் என்று இரண்டு லைனில் சண்டை நடந்தது. ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் டேபிள் ஃபேன் கிடைக்கவில்லை. குழந்தைகள் இரண்டு பேர் வகுப்பில் மயங்கி விழவும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள்.

யசோதாவுக்கு லீவு இல்லை. ஆனால் இரைச்சலே இல்லாத வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. காலையில் அந்த இரண்டு நிமிஷப் பேச்சு முடிந்தால், மறுநாள் எட்டரை வரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

புதன்கிழமை முப்பத்தைந்து பாயின்ட் ஒன்று. வியாழன் முப்பத்தைந்து பாயின்ட் ஆறு.

"இன்னா சார் இது, ஏறிகினே போகுது" என்றாள்.

"பழைய நோட்டெல்லாம் எடுத்துப் பாத்தேம்மா. உங்க பெட்டியில செப்டம்பர் மாசம் இதுவரைக்கும் ஜாஸ்தி முப்பத்தாறு பாயின்ட் ரெண்டுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி." கொஞ்சம் நிறுத்தினார். "அதத் தாண்டிச்சுன்னா உதறாதீங்க. அப்படியே வெச்சுப் பூட்டிடுங்க. ஆபீஸ்லேருந்து ஆள் நேர்ல வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். ரூல்."

"யாரு சார் வருவாங்க?"

"நான்தாம்மா. வேற யாரு கீறாங்க."

அன்று முழுவதும் யசோதா வெயிலைத் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரேடியோவில், இன்றைக்கே மேகம் மூடிச் சூடு இறங்கும், இரவு மழை என்றார்கள். அவள் எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். மேற்கே ஓரமாகக் கருமேகம் கட்டத் தொடங்கியிருந்தது. எட்டரைக்குப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

முப்பத்தாறு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுபடி பார்த்தாள். இன்னும் இரண்டு கோடு போயிருந்தால் பழைய ரெக்கார்டைத் தொட்டிருக்கும். மூணு கோடு போயிருந்தால் தாண்டியிருக்கும். இன்றைக்கே சூடு இறங்கிவிடும். முப்பதாம் தேதி வந்துவிடும்.

பாதரசக் குமிழ் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. வாயைக் குவித்து ஒரு மூச்சு விட்டால் போதும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தினாலும் போதும். ஏறின பாதரசம் இறங்காது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு இரண்டடி பின்னால் வந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தெர்மாமீட்டரை அவளால் பொய் சொல்ல வைக்க முடியவில்லை.

போனை எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா."

"கம்மி இருபத்திரண்டு பாயின்ட் நாலு."

"இருபத்திரண்டு பாயின்ட் நாலு."

"ஆமா சார். மழை இல்ல."

"மழை இல்ல."

"ஜாஸ்தி..." என்று தொடங்கி மூச்சை இழுத்தாள். "ஜாஸ்தி முப்பத்தாறு பாயின்ட் நாலு."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உதறிட்டீங்களா?"

"இல்ல சார். அப்படியே இருக்குது."

"பூட்டி வைங்க. வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யசோதா பெட்டியைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வருகிறவர் குனிந்து பார்க்கப் போகிறார், முப்பத்தாறைத்தான் பார்க்கப் போகிறார். தெரிந்துதான் சொன்னாள். ஆனாலும் வருவார்.

வீட்டுக்கு ஓடிப்போய் எலுமிச்சைச் சாதம் கிளறினாள். மோர் கரைத்தாள். சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே தேவாவின் போட்டோ. அதைப் பார்க்காமலே சேலை மாற்றினாள், பிறகு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தாள். போட்டோவில் தேவா எப்போதும் போல் பெங்களூர் வேலைக்கு டிரெயினைப் பிடிக்கப் போகிற அவசரத்தில் இருந்தான்.

பள்ளிக்கூடத்தில் ஷோபா டீச்சர் பரீட்சைப் பேப்பர் எடுத்துப் போக வந்திருந்தாள்.

"இன்னா ஆன்ட்டி, லீவு நாள்ல புதுப் புடவ?"

"பழசு டீச்சர்."

"பழசா? மடிப்பு கூடக் கலையல. இன்னா விஷயம்?"

"கோலார் சார் வர்றாரு, பெட்டி பாக்க."

"உங்க பாயின்ட் சாரா?" ஷோபாவின் கண் விரிந்தது. "அப்போ ரெக்கார்டு ஒடஞ்சிதா? எவ்ளோ? இருங்க, ஸ்டேட்டஸ் போடறேன். எங்க மாமா வேலூர்ல உக்காந்துகினு முப்பத்தாறெல்லாம் ஒரு வெயிலா, எங்களுக்குப் போர்வை வேணும்னு கிண்டல் பண்றாரு."

"போடாதீங்க டீச்சர்."

"ஏன் ஆன்ட்டி?"

"சார் வந்து பாத்து எழுதணும். அவரு எழுதற வரைக்கும் அது நம்பர் இல்ல." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஷோபா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி, போடல. வெயில்ல நிக்காதீங்க ஆன்ட்டி, மூஞ்சி செவந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். தலையில் நனைத்த டவல், கையில் குடை. போனில் கேட்ட குரலுக்கு அவள் மனதில் போட்டு வைத்திருந்த உருவம் இன்னும் உயரம்.

"யசோதாம்மாவா?"

குரல் மட்டும் அதே குரல். "வாங்க சார்" என்றாள். முன்னால் நடந்துபோய்ப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். பையிலிருந்து வேறொரு கண்ணாடியை எடுத்து மாற்றிக்கொண்டார். குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். எங்கோ ஒரு தகரம் படபடத்து ஓய்ந்தது.

"முப்பத்தாறு பாயின்ட் சைபர்" என்றார், திரும்பாமலே.

இப்போது திருப்பிச் சொல்ல வேண்டியவள் அவள்.

"முப்பத்தாறு பாயின்ட் சைபர்" என்றாள் யசோதா. "ஆமா சார்."

அவர் நோட்டை வாங்கி எழுதினார். கையெழுத்துப் போட்டார். காலையில் அவள் எழுதாமல் விட்டிருந்த கட்டம் அது.

"ஆபீஸ் நோட்டுல தப்பா ஏறியிருக்கும் சார்" என்றாள் மெதுவாக. "என்னாலதான். நான்..."

"ஏறல. காலையில நான் திருப்பிச் சொன்னேனா?"

அவள் யோசித்தாள். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"திருப்பிச் சொல்லாதத நான் எழுதறதில்லம்மா. பதினோரு வருஷமா எழுதினதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நம்பர் சொல்றதுக்கு முன்னாடி மூச்ச இழுத்ததே இல்ல. இன்னிக்கி இழுத்தீங்க."

"அப்போ தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"ஆபீஸ்ல தெர்மாமீட்டர செக் பண்ணிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். பண்ணிட்டேன். நல்லா இருக்குது." வானத்தைப் பார்த்தார். மேகம் இப்போது பாதி தூரம் வந்திருந்தது. "புதன்கிழமையிலேருந்து நானும்தான் பாத்துகினு இருந்தேன், தாண்டுமான்னு. தாண்டல."

"உதறிடுங்கம்மா" என்றார். யசோதா தெர்மாமீட்டரை எடுத்துக் கையை வீசி உதறினாள். பாதரசம் இறங்கியது.

மூணாம் வகுப்பு பெஞ்சில், இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். உப்பு தூக்கலாகிவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார். மனைவி போய்ப் பதினாலு வருஷம் என்றார். அடுத்த மாதம் தும்கூரில் தங்கை வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னார். "அவங்க வீட்ல பிள்ளைங்க நிறைய. சத்தமா இருக்கும்."

"நல்லதுதான் சார்."

"ஆமா. நல்லதுதான்."

போகும்போது நோட்டைக் கேட்டு வாங்கி, பின் அட்டையில் ஏதோ எழுதிக் கொடுத்தார். மூணு மணிக்கு ஆட்டோ அவரை ஏற்றிக்கொண்டு போனது. பெஞ்சில் மிச்சமிருந்த மோரை யசோதா குடித்தாள். இரவு மழை பெய்தது.

அக்டோபர் முதல் தேதி கோலாரில் ஒரு சின்னப் பெண் போனை எடுத்தாள். "ஆன்ட்டி, போன் எதுக்கு, வாட்ஸ்அப்ல போடுங்க, போதும்" என்றாள். யசோதா போட்டாள். இரண்டு நீலக் குறி வந்தது. வேறொன்றும் வரவில்லை. இரண்டாம் தேதி, மூணாம் தேதி, நாலாம் தேதியும் அப்படியே. ஒவ்வொரு நாளும் போட்டு முடித்ததும், எதையோ பாதியில் விட்டது போலப் பெட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளின் இரைச்சல் வந்துவிட்டது. அது அவளைத் தொடாமல் சுற்றிப் போனது.

ஐந்தாம் தேதி நோட்டைத் திருப்பிப் பின் அட்டையைப் பார்த்தாள். பத்து எண்கள். பெயர் எழுதவில்லை. எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தபோது அந்தப் பக்கம் குக்கர் விசில், குழந்தை அழுகை, டி.வி.

"சொல்லுங்கம்மா."

அவள் மூச்சை இழுக்கவில்லை.

"கம்மி பதினெட்டு பாயின்ட் எட்டு."

அங்கே யாரையோ அதட்டினார். கதவு சாத்துகிற சத்தம். இரைச்சல் குறைந்தது.

"பதினெட்டு பாயின்ட் எட்டு."

"ஆமா சார். ஜாஸ்தி இருபத்தேழு பாயின்ட் ரெண்டு."

"இருபத்தேழு பாயின்ட் ரெண்டு. மழை?"

"நேத்து சாயங்காலம் வந்துச்சு சார். நாலு பாயின்ட் அஞ்சு."

"நாலு பாயின்ட் அஞ்சு" என்றார் அவர். பேப்பரில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது.