கறியைத் தொடாதவன்

என் மனைவிக்குச் சுத்தம் என்றால் உயிர். சில நாள் அது என் உயிரை வாங்கும். மாட்டுக்கறி வாங்கி வந்தால் போதும், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, திரும்பத் திரும்ப அலசுவாள். தண்ணீர் தெறித்து மேடையெல்லாம் நனையும்.

"கறியக் கழுவுறியா, சமையக்கட்டயே குளிப்பாட்டுறியா?" என்று கேட்டால் முறைப்பாள்.

அவள் தம்பி எங்களோடுதான் இருந்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் இவள்தான். ஒரு கிடங்கில் ராத்திரி வேலை அவனுக்கு. ஆறடி ஆள், அதற்கேற்ற தீனி. "இந்த வயித்துக்கு நான் ரெண்டு வேலை பாக்கணும்டா மாப்ளே" என்பேன். "பாருங்க மாமா, யாரு வேணாம்னா?" என்பான். அப்படி ஒரு வாய்.

அந்தச் சனிக்கிழமை கறி வேகுவதற்குள் அவனுக்கு நேரமாகிவிட்டது. குழாயோரம் மேடையில் நறுக்கி வைத்திருந்த வெள்ளரிக்காயை ஒரு துண்டு விடாமல் அள்ளித் தின்றுவிட்டு, "அக்கா, கறியில எனக்குப் பங்கு எடுத்து வை. மாமாவ நம்பாத!" என்று கத்திக்கொண்டே ஓடினான். நானும் அவளும் எங்கள் மகளும் கறியை ஒரு பிடி பிடித்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவனுக்குத்தான் வயிற்றில் ஆரம்பித்தது. காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. "கிருமி எந்த மருந்துக்கும் மசிய மாட்டேங்குது. ரத்தத்துல கலந்துடுச்சு" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டு திரிந்தவனைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். பாவி, போய்விட்டான். என் மனைவி அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள்.

"அவர் உடம்புல இருந்த அதே கிருமி, நீங்க வாங்குற கடையோட கறியிலயும் இருக்குக்கா. மாடு நோயில்லாம சீக்கிரம் கொழுக்கணும்னு தீவனத்துலயே மருந்து கலக்குறாங்க. அதுலயே பழகின கிருமி. அப்புறம் நம்ம மருந்து அதை ஒண்ணும் பண்றதில்ல."

எவனோ மாட்டைக் கொழுக்க வைத்துக் காசு பார்க்க, என் மச்சான் போய்ச் சேர்ந்தான்.

"அவன் கறியத் தொடவே இல்லையேம்மா!" என்றாள் என் மனைவி. "தின்ன நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம்."

"அன்னைக்கு என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கக்கா."

"நான் சுத்தமாத்தான் செய்வேன். குழாய்ல நல்லா அலசி அலசிக் கழுவினேன்."

அந்தப் பெண்ணின் பார்வை குழாய்க்குப் போய், பக்கத்து மேடையில் நின்றது. "அப்ப இந்த இடத்துல என்ன இருந்துச்சுக்கா?"

நான் லிஃப்ட் மெக்கானிக். கோளாறு எங்கே தொடங்கியது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. கறி அலசித் தெறித்த தண்ணீரும் அது விழுந்த வெள்ளரிக்காயும் ஒரு நொடியில் எனக்குப் பிடிபட்டுவிட்டன.

"அங்கயா?" என்று என் மனைவி யோசிக்க ஆரம்பித்தாள். "அங்க வந்து..."

"அவன் தொட்டான்" என்றேன். "நீ குளிக்கப் போனப்ப ஃப்ரிட்ஜைத் திறந்தான். கறிப் பொட்டலம் ஒழுகிட்டு இருந்துச்சு. கையால நகத்தி வெச்சான். கழுவாம அதே கையால ரொட்டியப் பிச்சுத் தின்னான். நான் பாத்தேன்."

பச்சைப் பொய். திருப்பிப் பேச அவன் இல்லை என்ற தைரியத்தில் சொன்னேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் தாழ்ந்த குரலில், "இனிமே கறியக் கழுவ வேணாம்னு சொல்லுங்க சார். நல்லா வேக வெச்சாலே போதும்" என்றாள்.

"ஏன்னு கேப்பாம்மா."

அவள் படியிறங்கினாள்.

உள்ளே என் மனைவி வெடித்து அழுதாள். அவன் போன பிறகு இதுதான் முதல் அழுகை. "எருமமாடு! கையக் கழுவுறதுக்கு உனக்கு என்னடா கேடு!" என்று திட்டினாள். அப்பாடா, அவன்மேல் கோபப்பட்டே ஆறட்டும் என்று நினைத்தேன்.

திட்டு மெல்ல மாறியது. தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"உன்னச் சொல்லி என்னடா ராசா... வளத்தவ நானில்ல? கையக் கழுவக்கூட ஒழுங்காச் சொல்லித் தரலையே! நானே உன்னக் கொன்னுட்டேனேடா!"

நான் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றேன்.