நாலு விரல் இடைவெளி

குப்பம்மாள் என்ற பெயரின் நட்ட நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. மிளகு அளவு இருக்கும். அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மூன்றாவது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இறங்கியிருந்தன. சாதாரண வெள்ளைத் தாளாக இருந்தால் தேவயானி கசக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருப்பாள். இது முத்திரைத்தாள்.

"இன்னாமா அது?" என்று எதிரே உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. மெஷின்ல எங்கியோ அழுக்கு."

அவர் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். "எங்கம்மா பேரு மேலயே விழுந்துருக்குது. நல்ல காரியம்னு வந்து உக்காந்தா, இது இன்னாமா சகுனம்?"

சகுனம் என்ற சொல்லைக் கேட்டதுமே தேவயானிக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருத்தணியில் தன் வீட்டு முன்னறையில் பத்து வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவள் அவள். கையெழுத்துப் போட மனசில்லாத ஆள் முதலில் தண்ணீர் கேட்பான், பிறகு கழிப்பறை எங்கே என்பான், கடைசியில் சகுனத்துக்கு வருவான். ஜம்புலிங்கம் முதல் இரண்டையும் பத்து மணிக்குள்ளேயே முடித்துவிட்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய தங்கை அம்சா, மடியில் பையை வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. குப்பம்மாள் அவர்களுடைய அம்மா. அந்த அம்மா பேரில் மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அம்சாவுக்கு அதுதான் இருப்பிடம். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை ஆறு வருடம் அங்கேதான் அவள் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு வீட்டில் பாதி ஜம்புலிங்கத்துக்கு. அவருக்குப் பொதட்டூர்பேட்டையில் எட்டு விசைத்தறியும் மாடி வீடும் இருக்கின்றன. ஆனாலும் அவருடைய மகன் ஆகாஷ், அந்தப் பாதி நம்முடையது, விற்றால் முழுசாக விற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். விற்றுவிட்டால் அம்சாவுக்குத் தெருதான்.

மகனிடம் சொல்லாமல்தான் ஜம்புலிங்கம் இன்று வந்திருந்தார். தன் பாதியைத் தங்கைக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர. இன்று போடாவிட்டால் இனி ஒருநாளும் போடமாட்டார். இது அம்சாவுக்குத் தெரியும், தேவயானிக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை, விஜயதசமி என்று சேர்ந்தாற்போல் விடுமுறை முடிந்து எதிரே பத்திரப்பதிவு அலுவலகம் இன்றுதான் திறந்திருந்தது. வாசலில் ஒரே கூட்டம். டோக்கன் பதினொன்றரைக்கு. இப்போது மணி பத்தே முக்கால். சாட்சிக்காரர்கள் இரண்டு பேரும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமாக வெள்ளைத் தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரைத்தாளை வைப்பாள் தேவயானி. இன்றைக்கு அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. அம்சா வாங்கி வந்தது மூன்று முத்திரைத்தாள். பத்திரத்துக்கு வேண்டியது இரண்டு. ஒன்று கெட்டுப்போனது. இனி ஒன்றுகூடக் கெடக் கூடாது.

வெள்ளைத் தாளை வைத்து அடித்துப் பார்த்தாள். புள்ளிகள் வந்தன, கொஞ்சம் மேலே தள்ளி. ஆகவே தாளில் குறையில்லை. பிரிண்டரின் மைப்பெட்டியான கார்ட்ரிஜை வெளியே எடுத்து, உள்ளேயிருக்கும் டோனர் மாவு பரவட்டும் என்று இடமும் வலமும் நாலு தடவை குலுக்கிப் போட்டாள். அப்போதும் புள்ளிகள் வந்தன. பிரிண்டரிலேயே இருக்கிற சுத்தம் செய்யும் பக்கத்தை ஓடவிட்டாள். அது தன் பாட்டுக்கு இரண்டு நிமிடம் முனகிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. அதற்கப்புறமும் புள்ளிகள் வந்தன. அரக்கோணத்திலிருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டால், மத்தியானம் ரயில் பிடித்து வருவதாகச் சொன்னான். மகராசன்.

வேறிடத்தில் அடிக்கலாம்தான். முனையிலிருக்கும் ஜெராக்ஸ் கடை பூஜைக்கு மூடியது இன்னும் திறக்கவில்லை. மற்ற பத்திரக்காரர்கள் வாசலில் எல்லாம் செருப்பு குவிந்து கிடந்தது. இன்றைய கூட்டத்தில் எவனும் போட்டிக்காரிக்குப் பிரிண்டர் கொடுக்கமாட்டான். அதைவிடப் பெரிய விஷயம், ஜம்புலிங்கம் ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால் மறுபடி உட்காரப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார்.

"ஆங், சொல்டா... திருத்தணியிலதான்... இல்ல, சும்மா வந்தேன்... ஆங், ரிஜிஸ்டர் ஆபீஸாண்டதான்."

மறுமுனையில் ஆகாஷ் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "நைனா, எதுலயும் கைய வெக்காத. வண்டி எடுத்துகினு கெளம்பிட்டேன். அரை மணியில அங்க இருப்பேன்."

ஜம்புலிங்கம் போனைச் சட்டைப் பையில் வைத்தார். யாரையும் பார்க்காமல், "அம்மாவுக்கே சம்மதம் இல்ல போலருக்குது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

அம்சா பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். தன் வீட்டு மெஷினால் ஒரு பெண்ணின் வீடு போகிறதே என்று தேவயானிக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"அஞ்சே நிமிஷம் ஐயா," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தாளை அடித்தாள். அது மேசைமேல் கிடந்த கெட்ட முத்திரைத்தாளின் மேல் வந்து விழுந்தது. எழுந்திருக்கப்போன ஜம்புலிங்கம் அந்தத் தாளைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக நீண்டது. நாலு விரல்களையும் சேர்த்து முதல் புள்ளிக்குக் கீழே படுக்கவைத்தார். சுண்டுவிரல் ஓரத்தில் இரண்டாவது புள்ளி. கையை அங்கிருந்து நகர்த்தி வைத்தார். மூன்றாவது புள்ளி. செய்ததை உணர்ந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

தேவயானி அதைக் கண்டுவிட்டாள். முப்பது வருடம் தறியோடு குடித்தனம் நடத்துகிற ஆள். சகுனம் பார்க்கிறவன் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் விரல் வைத்து அளப்பானா?

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். உங்க தறியில ஓடுற துணியில, இதே மாதிரி நாலு விரலுக்கு ஒரு கறை விழுந்துகினே வந்தா, சகுனம்னு தறிய நிறுத்திடுவீங்களா?"

அவர் அளந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா."

"துணி சுத்துற உருளையில பாப்பேன்," என்றார் மெதுவாக. "ஒரே அளவுல திரும்பத் திரும்ப வந்தா, அது சுத்துற சாமான்ல இருக்கற குறை. சுத்துக்கு ஒரு தடவ தன்னை முத்திரை குத்திக்கினே போவும்."

"எவ்ளோ பெரிய உருளை?"

"சுத்தளவு நாலு விரலு. கட்ட வெரல் தடிமனுக்குக் கொஞ்சம் மேல இருக்கும்."

கார்ட்ரிஜில் அந்தத் தடிமனில் ஒரே ஓர் உருளைதான் உண்டு. எழுத்தை வாங்கித் தாளில் ஒற்றுகிற பச்சை உருளை, டிரம். அதை வெளிச்சத்தில் காட்டக் கூடாது, கை படக் கூடாது. தேவயானி ஜன்னலைச் சாத்தினாள், விளக்கை அணைத்தாள். கார்ட்ரிஜை எடுத்து மேசைக்கு அடியில், நிழலில் வைத்துக்கொண்டு மூடியை விலக்கினாள். ஜம்புலிங்கம் தானாகவே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு குனிந்தார். ஓரத்திலிருந்த பல்சக்கரத்தை ஒரு விரலால் மெல்லத் திருப்பினார். பளபளவென்று பச்சை திரும்பிக்கொண்டே வந்தது.

"நில்லுங்க ஐயா."

வலது ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, காய்ந்து கெட்டியான சந்தனப் பொட்டு. அதன் நடுவில் அக்கறையாக ஒரு துளி குங்குமம். அதைச் சுற்றிலும் கறுப்பு மாவு ஒட்டியிருந்தது.

தேவயானிக்கு முகம் சிவந்துபோயிற்று. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். அவள் புருஷன் தணிகைமணி திருப்பதி போகும் பஸ்ஸுக்கு டிரைவர். ஆயுத பூஜை வந்துவிட்டால் சுழலுகிற எதையும் பொட்டில்லாமல் விடமாட்டார். பஸ்ஸின் ஆறு டயர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் முடித்துவிட்டு இதையும் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே உருளை கிடப்பதைக் கண்டால் அவருடைய கை சும்மா இருக்குமா?

"எங்க வூட்டுக்காரர்தான்..." என்றாள்.

அம்சாவுக்கு அத்தனை பயத்திலும் சிரிப்பு வந்து அடங்கியது. ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. "தண்ணி படக் கூடாதில்ல?" என்று கேட்டார்.

"கூடாது. கீறலும் விழக் கூடாது. விழுந்தா தாள் முழுக்கக் கோடு வரும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"பழைய நூல் துணி வேணும். பல தடவ தொவைச்சது."

அம்சா எழுந்து வந்து தன் முந்தானையை நீட்டினாள். வெளுத்துப்போன பருத்திச் சேலை, அதைவிட மெல்லிய துணி அந்த வீட்டிலேயே கிடைக்காது. தேவயானி உருளைக்கு அருகே வாயைக் கொண்டுபோய் ஊதி, மூச்சின் ஈரத்தில் சந்தனத்தை இளகவைத்தாள். அவள் துணிக்குக் கை நீட்டுமுன் ஜம்புலிங்கம், "இங்க குடு" என்று முந்தானை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டார். அழுத்தவில்லை. குழந்தையின் கண்ணில் பீளை எடுப்பது போல ஒரே பக்கமாக ஒற்றி ஒற்றி எடுத்தார். தங்கையின் சேலை நுனி அண்ணன் கையில் இருந்தது. அவள் நகர முடியாமல் அவர் தோளருகே மண்டியிட்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் இருவரும் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. வெளியே வண்டிகள் போகும்போதெல்லாம் மூன்று பேருடைய மூச்சும் நின்று நின்று வந்தது.

மணி பதினொன்று பத்து.

கார்ட்ரிஜை மாட்டி வெள்ளைத் தாளில் அடித்தாள். புள்ளி வந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். அடுத்த தாளில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. மூன்றாவது தாளைத் தேவயானி எவ்வளவு திருப்பிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. முத்திரைத்தாளை வைத்தாள். பட்டனை அழுத்துமுன் கண்ணை மூடித் தணிகேசனைக் கூப்பிட்டுக்கொண்டாள். அவரும் என்ன செய்வார், அவர் பேரை வைத்துக்கொண்டிருக்கிற ஆள் செய்த காரியம் அல்லவா இது.

முதல் தாள் சுத்தமாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்திரத்தின் மீதியை அடிக்கிற வெள்ளைப் பின்தாள்கள் இரண்டும் வந்தன.

ஜன்னலைத் திறந்தாள். ஜம்புலிங்கம் நாலு தாள்களையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சந்தையில் துணியைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தார். குப்பம்மாள் என்ற பெயரில் கொஞ்ச நேரம் நின்றார்.

"குறை இல்ல," என்றார். ஆனால் உட்காரவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை.

மணி பதினொன்று இருபது.

"அம்சா," என்று கூப்பிட்டார். அவளை நேராகப் பார்த்து அவர் பேசியது அப்போதுதான். "மொதல்ல அந்தப் புள்ளிங்களப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், உருளைக் குறைன்னு. தெரிஞ்சேதான் சகுனம்னு சொன்னேன். போடாம போனா என் மேல பழி, போட்டுட்டுப் போனா வூட்டுல சண்டை. பழிய அந்தப் புள்ளி மேல போட்டுட்டு நழுவிடலாம்னு பாத்தேன்."

அம்சாவின் கண்கள் நிறைந்துவிட்டன. குரல் மட்டும் உடையவில்லை. "இப்பவும் போலாம்ணா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பேப்பர் மேல பழி போடாம, எனக்கு இஷ்டம் இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போ."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். தேவயானி பேனாவைக் கொடுத்தாள்.

முதல் தாளில் கையெழுத்து விழுந்தது. விரல்களில் ஒட்டியிருந்த டோனர் தாளில் பட்டுவிடாதபடி மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டே எழுதினார். இரண்டாவது தாள். மூன்றாவது. அவர் எழுதுகிற வேகத்துக்குத் தேவயானியே தாளைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம். ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு ஆகாஷ் படியேறி வந்தான். முப்பது வயதிருக்கும், வியர்த்துக் கொட்டியிருந்தது. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். அப்பாவின் முதுகும், அதற்கு அப்பால் அத்தையின் முகமும்தான் அவனுக்குத் தெரிந்தன.

"நைனா! கையெழுத்து போட்டுட்டியா?"

கடைசித் தாளின்மேல் பேனா அந்தரத்தில் நின்றது. அந்தத் தாளில் போடாவிட்டால் முன்னே போட்ட மூன்றுக்கும் மதிப்பில்லை. தேவயானி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜம்புலிங்கம் தலையைத் திருப்பவில்லை. "ஆங், போட்டுட்டேன்டா," என்றார் நிதானமாக.

சொல்லிவிட்டுக் குனிந்து, கடைசித் தாளில் கையெழுத்தைப் போட்டார்.