ஏழாம் எண் நோயாளி

அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த நாற்காலி கடைசி வரிசையில், தண்ணீர்க் கேனை ஒட்டி இருந்தது. முன்வரிசை முழுக்க மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய ஆய்வகத்தார், குடிநீர்த் துறை, வனத்துறை. கால்நடை டாக்டர் கதவோரம் இருந்தால் போதும், நாய் கீய் உள்ளே வந்தால் விரட்ட ஆகும் என்று நினைத்தார்களோ என்னவோ.

புதிதாக ஒரு தொற்றுநோய் முளைத்தால் எல்லாத் துறைகளும் சேர்ந்து அதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கான ஒத்திகை அது. கைகோர்ப்புக் குழு என்று எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். என் கையை மட்டும் இதுவரை யாரும் கோர்த்ததில்லை.

போன மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஊருக்கு வெளியே இருக்கும் பண்ணையில் பன்றிகள் இருமி இருமிச் சாகின்றன, அறுத்துப் பார்த்தால் நுரையீரல் ஈரல் மாதிரிக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது, பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் காய்ச்சல் கண்டிருக்கிறது, இது என்னவென்று நாம் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றேன். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னி விஷயத்தை உங்க துறைக்குள்ளயே முடிச்சுக்கோங்க மேடம். டீ வந்துடுச்சு" என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

சரி, நல்ல முகக்கவசமாவது கொடுங்கள் என்று கிடங்குக்குப் போனேன். அலமாரி நிறைய பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் எழுந்திருக்கக்கூட இல்லை. "இது மனுஷங்க டிபார்ட்மென்ட் சாமான் மேடம், மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தர முடியாது" என்றார். மாட்டுக்குக் கேட்கவில்லை, மாட்டைத் தொடுகிறவர்களுக்குக் கேட்கிறேன் என்று தொண்டை வறளக் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நானும் எங்கள் கம்பவுண்டரும் மெல்லிய துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போய் அந்தப் பன்றிகளை அறுத்தோம்.

ஒத்திகையன்று காலை, கூடத்து வாசலில் செல்போன்களைக் கூடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது கம்பவுண்டர் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். இருமல் நிக்கவே மாட்டேங்குது. பன்னி நம்மளையும் சேத்துக்கிச்சு போல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

"சிரிக்காதீங்க அண்ணே. ஒரு ஆட்டோ புடிச்சு நேரா இங்க வந்துடுங்க. பெரிய டாக்டருங்க எல்லாரும் இன்னிக்கு இங்கதான் இருக்காங்க. இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

அவசரப் பிரிவு நர்ஸிடம் போய், இப்படி ஒருவர் வருவார், வந்ததும் தனியாகப் படுக்க வையுங்கள், எனக்கு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்த நர்ஸையும் ஒத்திகைக்கு இழுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அவர்கள் எழுதிவைத்திருந்த கதைப்படி நோய் விமானத்தில் வருகிறது, வெளிநாட்டுப் பயணி ஒருவரோடு. பன்றியும் இல்லை, பண்ணையும் இல்லை. நோயாளிகளாக நடிக்க ஒரு நாடகக் குழுவைப் பிடித்திருந்தார்கள். ஆளுக்கொரு எண், மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. வாசல் கொட்டகையில் நடப்பதைக் கூடத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். தலையில் கை வைத்துச் சரிந்த ஒரு பெண்ணைத் தூக்க நான்கு பேர் ஓடினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது.

பிறகு திரையில் ஒருவர் குனிந்து நின்றார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முழங்கைகளை அகட்டி, கழுத்தை முன்னால் நீட்டி மூச்சுக்குத் தவித்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. பண்ணையில் பன்றிகளும் கடைசியில் அப்படித்தான் முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்றன. அப்படி நின்ற எதுவும் பிழைக்கவில்லை. அந்த நிலையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் கம்பவுண்டர். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. எண் ஏழு.

"அடடா! இதுல்ல ஈடுபாடு!" என்று தலைவர் கை தட்டினார். கூடமே தட்டியது.

"அவர் நடிக்கலை!" என்று எழுந்து கத்தினேன். "அவர் எங்க கம்பவுண்டர்! அவருக்கு நிஜமாவே முடியலை!"

"மேடம், கேள்வி நேரம் கடைசியில" என்றது ஒலிபெருக்கி. யாரோ சிரித்தார்கள். கதவை மறித்து நின்ற தொண்டர் ஒத்திகை முடியும் வரை திறக்கக் கூடாது என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

கொட்டகையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டவர்கள் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். "இது நிஜ நோய்!" என்றேன். அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தவர்கள்! வெறுங்கையோடு போய் அவரைத் தாங்கியது நான்தான்.

"நம்பர் கேட்டாங்க..." என்றார் மூச்சுக்கு நடுவே. "இல்லைன்னேன். ஏழு இன்னும் வரலைன்னு... கட்டிட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அதைத்தான் சொல்லணும், அப்படியே பண்ணுங்கன்னாங்க."

பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. திறந்தேன். காலி. காட்சிக்காக வைத்ததாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த சிலிண்டரைத் தூக்கித் திரை மேல் எறிந்திருப்பேன். தூக்க முடியவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நுரையீரல் டாக்டர் ஒருவர் மட்டும் என் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். அவர்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார், வெண்டிலேட்டர் இருக்கும் அறையைத் திறக்க வைத்தார். உள்ளே போய் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பன்னிங்களுக்கு எப்படி இருந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

இத்தனை வருஷ வேலையில் ஒரு மனித டாக்டர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாம் சொன்னேன். காய்ச்சல் எப்படி ஏறியது, எந்தப் பன்றிக்கு மூக்கில் ரத்தம் வந்தது, அகட்டி நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு ராத்திரி தாண்டாது என்பது வரை.

"இதை ஏன் மேடம் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேனே. போன கூட்டத்துல, டீக்கு முன்னாடி. நீங்களும்தான் இருந்தீங்க."

அவர் எழுந்து மறுபடியும் உள்ளே போனார். அன்று ராத்திரி முழுக்க அவர் வெளியே வரவில்லை. கம்பவுண்டர் பன்றிகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போராடினார். இரண்டாம் நாள் மதியம் இறந்துபோனார்.

என்னையும் அவர் மனைவியையும் தனித்தனி அறைகளில் அடைத்துவைத்தார்கள். அண்ணிக்கு அவர் முகத்தைக் காட்டவில்லை. வெளியே விட்ட அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி தையல் மெஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே அவரை அங்க வரச் சொன்னீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. "போனதும் மொதல்ல என்ன பண்ணாங்க? போன்ல யாரைக் கேட்டாலும் எல்லா முயற்சியும் செஞ்சோம்ங்கறாங்க. மொதல்ல என்ன செஞ்சாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

பூசி மெழுக எனக்கு வராது.

"கை தட்டினாங்க, அண்ணி."

பட்டை, திரை, காலி சிலிண்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் கேட்டார். நான் சொல்லி முடிக்கும்போது வாசலில் கார் நின்றது. குழுத் தலைவர் பெரிய மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே போட்டோ எடுக்க ஓர் ஆள்.

"உங்க கணவர் செஞ்ச தியாகம் எங்க குழுவுக்கே..." என்று ஆரம்பித்தார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "இவரும் தட்டினாரா?"

"இவர்தான் மொதல்ல தட்டினாரு."

அண்ணி எழுந்து நின்றார். "எங்க, எனக்கும் ஒரு தடவை தட்டிக் காட்டுங்க சார். நானும் பாக்கறேன்."

தலைவரின் இரண்டு கைகளிலும் மலர்வளையம் இருந்தது. தட்ட வசதியாக இருக்கட்டும் என்று நான் அதை வாங்கிக்கொண்டேன்.